பதவியில் இருக்கும் தலைவரைக் கைது செய்யலாமா? பிடியாணையும் விலக்குரிமையும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரஷ்ய அதிபர் விளாதிமிர் புதின் மீது 2023 மார்ச் 17 அன்றும், இஸ்ரேல் பிரதமர் பெஞ்சமின் நெதன்யாகு மீது 2024 நவம்பர் 21 அன்றும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்தது. அதற்குப் பிறகும் இருவரும் பதவியில் இருந்தபடியே அயல்நாடுகளுக்குப் போய்த் திரும்பியிருக்கிறார்கள். பிலிப்பைன்ஸின் முன்னாள் அதிபர் ரோட்ரிகோ துதெர்தேயோ 2025 மார்ச் 11 அன்று மணிலா விமான நிலையத்தில் பிடிக்கப்பட்டு, மறுநாளே நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஒப்படைக்கப்பட்டார். ஒரே நீதிமன்றத்தின் ஆணை ஒருவரிடம் செல்லுபடியாகி மற்றவர்களிடம் ஏன் செல்லுபடியாகவில்லை என்று கேட்பவர்களிடம், அரசியல் பலம்தான் காரணம் என்று சொல்லிவிடலாம். அது பாதி உண்மை. மீதிப் பாதி, சட்டத்துக்குள்ளேயே இன்னும் தீராமல் இருக்கும் ஒரு தகராறு. அந்தத் தகராறைத்தான் இங்கே விளக்க முயன்றிருக்கிறோம்.

சர்வதேச நீதிமன்றமும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றமும் ஒன்றா?

இல்லை. இரண்டும் ஹேக் நகரில் இருப்பதால் செய்திகளில் அடிக்கடி குழம்பிவிடுகின்றன. சர்வதேச நீதிமன்றம் ஐ.நா.வின் உறுப்பு. அதன் 15 நீதிபதிகளும் நாடுகளுக்கு இடையிலான வழக்குகளை விசாரிப்பார்கள். தனிமனிதர் யாரையும் சிறைக்கு அனுப்ப அவர்களால் முடியாது. ரோஹிங்கியா மக்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளுக்காக மியான்மர் மீது காம்பியா தொடுத்த வழக்கு அங்கே நடப்பது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம், 1998 ஜூலை 17 அன்று ரோம் நகரில் ஏற்கப்பட்ட சாசனத்தின்படி, 2002 ஜூலை 1 முதல் இயங்கிவருவது. இங்கே 18 நீதிபதிகள். விசாரிக்கப்படுவது தனிமனிதர்கள் மட்டுமே. இனப்படுகொலை, மானுடத்துக்கு எதிரான குற்றங்கள், போர்க்குற்றங்கள், ஆக்கிரமிப்புக் குற்றம் ஆகிய நான்கு வகைக் குற்றங்களைத்தான் அது எடுத்துக்கொள்ள முடியும்.

2025 இறுதி நிலவரப்படி 125 நாடுகள் உறுப்பு வகிக்கின்றன. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா, இஸ்ரேல், இலங்கை ஆகியவை சேரவில்லை.

ரஷ்யாவும் இஸ்ரேலும் உறுப்பு நாடுகளே இல்லை என்றால், அவற்றின் தலைவர்கள் மீது ஆணை பிறப்பிக்க எப்படி முடிந்தது?

குற்றம் எந்த மண்ணில் நடந்தது என்பதை வைத்தே இந்த நீதிமன்றம் விசாரிக்கலாம். செய்தவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பது அப்போது பொருட்டில்லை. ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகளிலிருந்து குழந்தைகளைச் சட்டவிரோதமாக ரஷ்யாவுக்குக் கொண்டுபோனதுதான் புதின் மீதான குற்றச்சாட்டு. அது நடந்ததாகச் சொல்லப்படும் உக்ரைன், உறுப்பினராவதற்கு முன்பே, 2014, 2015 ஆண்டுகளில், இந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தைத் தனி அறிவிப்புகள் மூலம் ஏற்றிருந்தது. பாலஸ்தீனம் 2015 முதல் உறுப்பு நாடு. காசாவில் நடந்தவை அதன் வழியாக வருகின்றன. இந்தியக் குடிமகன் ஒருவர் பிரான்ஸில் குற்றம் செய்தால் பிரெஞ்சு நீதிமன்றம் விசாரிப்பதில் யாருக்கும் வியப்பில்லை. அடிப்படை இங்கேயும் அதுவே.

விசாரிக்கும் அதிகாரம் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அதிகாரம் இருந்தாலும் பதவி குறுக்கே நிற்கிறதா என்பது வேறு கேள்வி. விவாதங்களில் பெரும்பகுதி வீணாவது இவ்விரண்டையும் கலந்து பேசுவதால்தான்.

பதவியில் இருப்பவருக்கு விலக்குரிமை என்று ஒன்றை ஏன் தர வேண்டும்?

ஒரு நாட்டின் நீதிமன்றம் இன்னொரு நாட்டைத் தனக்குக் கீழே நிறுத்தி விசாரிக்கக் கூடாது, ஏனென்றால் எல்லா நாடுகளும் சமம் என்பது பழைய கோட்பாடு. நாட்டின் தலைவர் அயல்மண்ணில் கால் வைத்ததும் உள்ளூர் நீதிபதி ஒருவர் அவரைச் சிறையில் வைக்கலாம் என்றால், பேச்சுவார்த்தைக்கு யாரும் யாரிடமும் போகமாட்டார்கள். இந்தக் காரணத்தை அற்பமாகத் தள்ளிவிட முடியாது. சிறிய நாடுகளுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு அதிகம் தேவைப்பட்டிருக்கிறது.

இந்த உரிமை இரண்டு வகைப்படும். முதலாவது, பதவியில் இருக்கும் ஆளைச் சார்ந்தது. நாட்டின் தலைவர், அரசின் தலைவர், வெளியுறவு அமைச்சர் ஆகிய மூவருக்கும் இது உண்டு. எந்தக் குற்றமானாலும், பதவிக்கு முன் செய்ததோ பதவியில் செய்ததோ, வேறொரு நாட்டின் நீதிமன்றம் அவர்களைத் தொட முடியாது. ஆனால் பதவி போன அன்றே இதுவும் போய்விடும். இரண்டாவது, செயலைச் சார்ந்தது. அரசின் பெயரால் செய்த காரியத்துக்கு, செய்தவர் பதவியை விட்ட பிறகும் அயல்நாட்டு நீதிமன்றத்தில் தனிப்பட்ட முறையில் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது இது. சித்திரவதையும் இனப்படுகொலையும் கூட அரசுக் காரியம் ஆகுமா என்று கேட்டபோதுதான் இந்த இரண்டாவது பாதுகாப்பில் விரிசல் விழுந்தது.

அந்த விரிசல் எங்கே தொடங்கியது?

1998 அக்டோபர் 16 இரவு, லண்டன் மருத்துவமனை ஒன்றில் முதுகு அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஓய்வில் இருந்த சிலியின் முன்னாள் சர்வாதிகாரி அகஸ்தோ பினோசெட்டைப் பிரிட்டிஷ் காவல்துறை கைது செய்தது. ஆணை பிறப்பித்தவர் ஸ்பெயின் நீதிபதி பல்தசார் கார்சோன். 1999 மார்ச் 24 அன்று பிரிட்டனின் பிரபுக்கள் அவை, ஒருவர் தவிர மற்ற ஆறு நீதிபதிகளும் உடன்பட, சித்திரவதைக் குற்றச்சாட்டில் அவருக்கு விலக்குரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. சித்திரவதைக்கு எதிரான 1984 ஆம் ஆண்டு உடன்படிக்கையில் சிலி, ஸ்பெயின், பிரிட்டன் மூன்றுமே கையெழுத்திட்டிருக்க, அந்தக் குற்றத்தை அரசுக் கடமை என்று சொல்லித் தப்புவது எப்படி என்பதே தீர்ப்பின் சாரம். 1988 இன் பிற்பகுதிக்கு முந்தைய குற்றச்சாட்டுகள் உதிர்ந்துபோயின. உடல்நிலையைக் காரணம் காட்டி 2000 மார்ச்சில் அவரைச் சிலிக்குத் திருப்பி அனுப்பியும் விட்டார்கள். ஆனாலும் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு முன்னாள் தலைவர்கள் பயணச்சீட்டு வாங்கும் முன் வழக்கறிஞரைக் கேட்க வேண்டிய நிலை வந்தது.

இந்த வழியில் முடிவுவரை போன வழக்கு, சாட் நாட்டின் முன்னாள் அதிபர் ஹிசேன் ஹப்ரேயுடையது. செனகலில் தஞ்சம் புகுந்திருந்த அவரை ஒன்று விசாரிக்க வேண்டும், இல்லையேல் ஒப்படைக்க வேண்டும் என்று 2012 இல் சர்வதேச நீதிமன்றம் செனகலுக்குச் சொன்னது. ஆப்பிரிக்க ஒன்றியத்தின் துணையோடு டாக்காரில் அமைக்கப்பட்ட சிறப்பு நீதிமன்றம் 2016 மே 30 அன்று அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அவருடைய சிறைகளில் வதைபட்டு உயிர் தப்பியவர்கள் கால் நூற்றாண்டு விடாமல் துரத்தியதன் பலன் அது. சட்டநூல்கள் தீர்ப்பைப் பற்றி எழுதும் அளவுக்கு அவர்களைப் பற்றி எழுதாதது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

பதவியில் இருக்கும்போதே அயல்நாட்டு நீதிமன்றம் பிடிக்க முடியாதா?

முடியாது என்பதுதான் இன்றைய சட்டம். கொங்கோ ஜனநாயகக் குடியரசின் வெளியுறவு அமைச்சராக இருந்த அப்துலாயே யெரோடியா மீது பெல்ஜியம் 2000 ஏப்ரலில் பிடியாணை பிறப்பித்தது. டுட்சி மக்களுக்கு எதிராக வெறுப்பைத் தூண்டிப் பேசினார் என்பது குற்றச்சாட்டு. கொங்கோ வழக்குத் தொடுத்தது. 2002 பிப்ரவரி 14 அன்று சர்வதேச நீதிமன்றம், பெல்ஜியம் அவருடைய விலக்குரிமையை மீறிவிட்டது என்று 13க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

அதே தீர்ப்பு நான்கு வாசல்களையும் திறந்து வைத்தது: சொந்த நாட்டின் நீதிமன்றம் விசாரிக்கலாம், சொந்த நாடே விலக்குரிமையை விட்டுக்கொடுக்கலாம், பதவி முடிந்த பின் அயல்நாடு சில வகைச் செயல்களுக்கு விசாரிக்கலாம், அதிகாரம் பெற்ற சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றங்கள் விசாரிக்கலாம். இந்த நான்காவது வாசலைச் சுற்றித்தான் இன்றைய சண்டை முழுவதும் நடக்கிறது.

பிரான்ஸின் உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்று சிரியாவின் பஷார் அல் அசாத் வழக்கில் இதே கோட்டைப் பிடித்தது. 2013 இல் கூட்டா பகுதியில் நடந்த ரசாயனத் தாக்குதலுக்காக, அவர் ஆட்சியில் இருந்த 2023 இல் பிறப்பித்த பிடியாணை செல்லாது என்றது. இப்போது அவர் ஆட்சியில் இல்லாததால் புதிதாக ஆணை பிறப்பிக்கத் தடையில்லை என்றும் சேர்த்துச் சொன்னது.

ரோம் சாசனம் விலக்குரிமையை ஒழித்துவிட்டது என்கிறார்களே?

அதன் 27 ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது: எந்தப் பதவியும், எந்த விலக்குரிமையும் இந்த நீதிமன்றத்தின் விசாரணையைத் தடுக்காது. ஆனால் அதே சாசனத்தின் 98 ஆம் பிரிவு, வேறொரு நாட்டின் பிரதிநிதிக்கு உள்ள விலக்குரிமையை மீறும்படி ஓர் உறுப்பு நாட்டை இந்த நீதிமன்றம் கேட்கக் கூடாது என்கிறது. அந்த வேறு நாடு முதலில் சம்மதிக்க வேண்டும்.

இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் சிக்கல் தெரியும். நீதிமன்றம் விசாரிக்கலாம், ஆனால் பிடித்துக் கொடுப்பது யார்? நீதிமன்றத்துக்குச் சொந்தமாக ஒரு காவலர்கூட இல்லை. பிடிக்க வேண்டியது மங்கோலியாவோ, ஜோர்டானோ, தென்னாப்பிரிக்காவோ. அந்த நாட்டின் அதிகாரி அயல்நாட்டுத் தலைவரின் தோளைத் தொடும்போது, அவர் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் கை ஆகிறாரா, அல்லது பெல்ஜியம் செய்த அதே தவறைச் செய்கிறாரா? 98 ஆம் பிரிவை எழுதியவர்கள் இந்தக் கேள்வியைத் திறந்தே விட்டுவிட்டார்கள்.

இதற்கு நீதிமன்றம் சொன்ன பதில் என்ன?

பல ஆண்டுகளில் பல பதில்கள் சொன்னது என்பதுதான் வருத்தத்துக்குரியது.

சூடானின் டார்ஃபூர் விவகாரத்தை ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் 2005 மார்ச்சில் 1593 ஆம் தீர்மானத்தின் மூலம் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. அன்றைய அதிபர் ஒமர் அல் பஷீர் மீது 2009 மார்ச் 4 அன்று முதல் பிடியாணையும், 2010 ஜூலையில் இனப்படுகொலைக் குற்றச்சாட்டுடன் இரண்டாவதும் வந்தன. அவர் உறுப்பு நாடுகளுக்கே தாராளமாகப் போய் வந்தார். மலாவி அவரைப் பிடிக்காமல் விட்டபோது, சர்வதேச நீதிமன்றங்களின் முன் தலைவர்களுக்கு விலக்குரிமை கிடையாது என்று நீதிமன்றம் 2011 இல் சொன்னது. 2014 இல் கொங்கோ விவகாரத்தில் அந்தக் காரணத்தைக் கைவிட்டு, பாதுகாப்பு கவுன்சிலின் தீர்மானமே விலக்குரிமையை நீக்கிவிட்டது என்றது. 2019 மே 6 அன்று ஜோர்டான் வழக்கில் மேல்முறையீட்டு அமர்வு முதல் காரணத்துக்கே திரும்பியது: ஒரு நாடு இன்னொரு நாட்டைக் கட்டுப்படுத்தக் கூடாது என்பதற்காகப் பிறந்த உரிமை, எல்லா நாடுகளின் சார்பாகவும் இயங்கும் நீதிமன்றத்தின் முன் எழாது, நாடுகளின் நீண்டகால நடைமுறையில் உருவான வழக்காற்றுச் சட்டத்தில் அப்படி ஓர் உரிமை என்றுமே இருந்ததில்லை.

முடிவை நான் ஏற்கிறேன். சூடானைப் பொறுத்தவரை பாதுகாப்பு கவுன்சிலின் தீர்மானமே போதுமான ஆதாரம். ஆனால் பாதுகாப்பு கவுன்சில் எதையும் அனுப்பாத நிலையில், உறுப்பே இல்லாத ஒரு நாட்டின் தலைவருக்கும் இது பொருந்தும் என்பதற்கு அந்தத் தீர்ப்பு காட்டும் சான்றுகள் மெலிந்தவை. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டால், அதில் கையெழுத்திடாத நாட்டின் உரிமை அதனால் மட்டும் எப்படிக் கரையும் என்று கேட்கும் சட்ட அறிஞர்கள் கொடியவர்களுக்கு வக்காலத்து வாங்குவதாகச் சொல்வது நியாயமில்லை. அது நேர்மையான கேள்வி. சர்வதேச நீதிமன்றத்திடமே இதற்கு ஆலோசனைக் கருத்துக் கேட்க வேண்டும் என்று 2018 இல் ஆப்பிரிக்க ஒன்றியம் முயன்றது; அப்போதே கேட்டிருந்தால் 2023க்குப் பிறகு வந்த குழப்பத்தில் பாதி இருந்திருக்காது.

பஷீர் தென்னாப்பிரிக்காவில் பிடிபடும் நிலைக்கு வந்தார் என்பது உண்மையா?

உண்மை. 2015 ஜூனில் ஆப்பிரிக்க ஒன்றிய மாநாட்டுக்காக அவர் ஜோகன்னஸ்பர்க் வந்தார். உள்ளூர் மனித உரிமைச் சட்ட அமைப்பு ஒன்று பிரிட்டோரியா உயர் நீதிமன்றத்தை நாடியது. வழக்கு முடியும்வரை அவர் நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது என்று ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமையன்று நீதிமன்றம் தடை விதித்தது. எல்லாச் சோதனைச் சாவடிகளுக்கும் அந்த ஆணை போக வேண்டும். மறுநாள் வாதம் நடந்துகொண்டிருந்தபோது, பஷீர் இன்னும் நாட்டுக்குள்தான் இருக்கிறார் என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் நீதிபதிகளிடம் உறுதியளித்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் சூடான் அதிபரின் விமானம் வாட்டர்க்ளூஃப் ராணுவ விமானத் தளத்திலிருந்து கிளம்பிவிட்டது. நீதிபதிகள் கைது ஆணையைப் படித்து முடித்த பிறகுதான் அவர் போய்விட்டதை அரசுத் தரப்பு ஒப்புக்கொண்டது.

தன் அரசையே தன் நாட்டு அரசியலமைப்பை மீறியதாக அந்த நீதிமன்றம் கண்டித்தது. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2023 ஆகஸ்டில் அதே ஜோகன்னஸ்பர்க்கில் பிரிக்ஸ் மாநாடு நடந்தபோது புதின் நேரில் வரவில்லை. காணொலியில் பேசினார், வெளியுறவு அமைச்சர் வந்தார். ஹேக் நகரின் ஆணை மட்டுமே அதைச் சாதித்திருக்காது என்று நினைக்கிறேன். எட்டு ஆண்டுகளுக்கு முன் சொந்த அரசை எதிர்த்துத் தீர்ப்பெழுதிய உள்ளூர் நீதிபதிகள்தான் அந்தப் பயணத்தை ஆபத்தானதாக்கினார்கள்.

புதினைப் பிடிக்காத மங்கோலியாவுக்கும், நெதன்யாகுவைப் பிடிக்காத ஹங்கேரிக்கும் என்ன தண்டனை?

தண்டனை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. 2024 செப்டம்பரில் புதின் உலான்பாதர் வந்தபோது அணிவகுப்பு மரியாதையே தரப்பட்டது. அக்டோபர் 24 அன்று நீதிமன்றம், உறுப்பல்லாத நாட்டின் தலைவருக்கும் தன் முன் விலக்குரிமை இல்லை என்று மீண்டும் சொல்லி, மங்கோலியா கடமை தவறியது என்று கண்டு, விவகாரத்தை உறுப்பு நாடுகளின் பேரவைக்கு அனுப்பியது. பேரவை கண்டிக்கலாம், அதற்குமேல் அதன் கையில் ஒன்றுமில்லை. எரிபொருளில் ஏறக்குறைய முழுவதையும் ரஷ்யாவிலிருந்து வாங்கும் நாடு மங்கோலியா. அதன் மீது குற்றம் காண்பது எளிது. ஆனால் இந்தப் பாரத்தை அதன் தோளில் மட்டும் ஏற்றிவிட்டு மற்றவர்கள் விலகி நின்றதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஹங்கேரிக்கு அப்படி ஒரு நெருக்கடியும் இல்லை. 2025 ஏப்ரலில் நெதன்யாகுவை வரவேற்ற அன்றே நீதிமன்றத்திலிருந்து விலகப்போவதாக அதன் அரசு அறிவித்தது. விலகல் அறிவிப்பு ஓராண்டு கழித்தே நடைமுறைக்கு வரும். இடைப்பட்ட காலத்தில் கடமை அப்படியே இருக்கும்.

மேற்கு நாடுகள் இரட்டை அளவுகோல் வைத்திருக்கின்றன என்ற குற்றச்சாட்டு சரியா?

இந்த விஷயத்தில் சரி. 2024 நவம்பர் 27 அன்று பிரான்ஸின் வெளியுறவு அமைச்சகம், உறுப்பல்லாத நாடுகளின் தலைவர்களுக்குரிய விலக்குரிமை நெதன்யாகுவுக்கும் பொருந்தும் என்று அறிக்கை விட்டது. சட்ட வாதமாக அதற்கு இடமுண்டு என்று மேலே சொன்னேன். ஆனால் புதின் மீது ஆணை வந்தபோது இதே வாதத்தைப் பிரான்ஸ் எழுப்பவில்லை. நீதிமன்றத்துக்கு ஆதரவாகவே பேசியது. ரஷ்யாவும் உறுப்பல்லாத நாடுதான். 98 ஆம் பிரிவின் பொருள், பிடியாணையில் யார் பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறினால், அதற்குச் சட்டம் என்ற பெயர் பொருந்தாது. டார்ஃபூரிலும் மரியுபோலிலும் காசாவிலும் பிள்ளைகளை இழந்தவர்கள் கேட்பது சலுகையல்ல, ஒரே அளவுகோல்.

துதெர்தேயை மட்டும் எப்படிப் பிடித்தார்கள்?

பதவியில் இல்லை, பிடித்துக் கொடுத்தது அவருடைய சொந்த நாடு. ஆகவே விலக்குரிமை என்ற கேள்வியே எழவில்லை. பிலிப்பைன்ஸ் 2019 மார்ச்சில் நீதிமன்றத்தை விட்டு விலகிவிட்டது என்ற வாதம் எழுந்தது. ஆனால் போதைப்பொருள் ஒழிப்பு என்ற பெயரில் நடந்த கொலைகளில், விலகலுக்கு முந்தைய காலத்தில் நடந்தவைதான் குற்றச்சாட்டில் இருக்கின்றன. விலகல் பழைய கடமைகளை அழிக்காது என்று சாசனமே சொல்கிறது.

அமெரிக்கா விதித்த தடைகள் நீதிமன்றத்தை உண்மையில் பாதிக்கின்றனவா?

பாதிக்கின்றன. 2025 பிப்ரவரி 6 அன்று அதிபர் டிரம்ப் பிறப்பித்த ஆணையின் கீழ் முதலில் தலைமை வழக்குத்தொடுநர் கரீம் கானும், பிறகு நீதிபதிகள் பலரும் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். அமெரிக்காவுக்குப் போக முடியாது என்பதோடு இது நிற்பதில்லை. வங்கி அட்டைகளின் வலையமைப்பில் பெரும்பகுதி அமெரிக்க நிறுவனங்களுடையது. மின்னஞ்சல், மென்பொருள், விடுதி முன்பதிவு எல்லாமே அப்படித்தான். ஐரோப்பாவில் குடியிருக்கும் ஐரோப்பிய நீதிபதிக்கே அன்றாடப் பணப்பரிமாற்றம் சிக்கலாகிவிடுகிறது. ரஷ்யாவோ, தன் அதிபர் மீது ஆணை கேட்டவரையும் பிறப்பித்த நீதிபதிகளையும் தேடப்படுவோர் பட்டியலில் வைத்திருக்கிறது. தீர்ப்புப் பிடிக்கவில்லை என்றால் மேல்முறையீடு செய்யலாம். தீர்ப்பெழுதியவரின் வங்கிக் கணக்கை முடக்குவது எந்த நாகரிக அரசும் செய்யக் கூடாத வேலை.

இந்தியாவுக்கு இதில் கடமை ஏதும் உண்டா?

ரோம் சாசனத்தின்படி இல்லை. 1998 இல் நடந்த வாக்கெடுப்பில் 120 நாடுகள் ஆதரித்தன, 7 எதிர்த்தன, 21 நாடுகள் விலகி நின்றன. விலகி நின்றவற்றுள் இந்தியாவும் ஒன்று. பாதுகாப்பு கவுன்சிலுக்குத் தரப்பட்ட தனி அதிகாரமும், அணு ஆயுதப் பயன்பாடும் பயங்கரவாதமும் குற்றங்களின் பட்டியலில் சேர்க்கப்படாததும் அன்று இந்தியா சொன்ன ஆட்சேபங்கள். முதல் ஆட்சேபத்தில் பெரும் நியாயம் உண்டு. தானே உறுப்பாகச் சேராத வல்லரசுகள், வீட்டோ அதிகாரத்தை வைத்துக்கொண்டு பிறரை மட்டும் விசாரணைக்கு அனுப்பலாம் என்ற ஏற்பாடு இன்றும் இந்த நீதிமன்றத்தின் பலவீனம்தான். ஆகவே 2025 டிசம்பரில் புதின் புதுடெல்லி வந்தபோது இந்தியா எந்த உடன்படிக்கையையும் மீறவில்லை.

ஆனாலும் 1960 ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம் இந்தியாவில் இருக்கிறது. கொடிய போர்க்குற்றத்தை யார் எங்கே செய்தாலும் இந்திய நீதிமன்றம் தண்டிக்கலாம் என்கிறது அது. அரசின் புகார் இல்லாமல் நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள முடியாது என்று கதவைத் தாழிட்டும் வைக்கிறது.

இலங்கையில் 2009 இல் நடந்தவற்றுக்கு இந்த வழி பயன்படுமா?

சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் வழி இன்றுவரை அடைபட்டே இருக்கிறது. இலங்கை உறுப்பு நாடல்ல. பாதுகாப்பு கவுன்சில் அனுப்பினால்தான் உண்டு. எஞ்சியிருப்பவை அயல்நாட்டு நீதிமன்றங்கள். ஐ.நா. மனித உரிமைப் பேரவை 2021 மார்ச்சில் நிறைவேற்றிய 46/1 தீர்மானத்தின்படி மனித உரிமை ஆணையர் அலுவலகம் சான்றுகளைத் திரட்டிப் பாதுகாத்துவருவது, என்றாவது அப்படி ஒரு வழக்கு நடந்தால் உதவட்டும் என்பதற்காகவே.

விலக்குரிமை பதவியோடு ஒட்டியது என்பதை 2022 ஜூலையில் கண்கூடாகப் பார்த்தோம். கோட்டாபய ராஜபக்ச 13 ஆம் தேதி ராணுவ விமானத்தில் மாலத்தீவுக்குப் போனபோது பதவியில் இருந்த அதிபர். மறுநாள் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்த பிறகே பதவி விலகல் கடிதம் அனுப்பினார். கடிதம் ஏற்கப்பட்டதோடு ஆளைச் சார்ந்த பாதுகாப்பு தீர்ந்தது. போரின் இறுதிக் கட்டத்தில் பாதுகாப்புச் செயலாளராக இருந்த அவர் மீது விசாரணை கோரி மனித உரிமை அமைப்பு ஒன்று சிங்கப்பூரின் தலைமைச் சட்ட அதிகாரியிடம் புகார் கொடுத்தது. அவர் குற்றச்சாட்டுகளை மறுத்துவருபவர். சிங்கப்பூரில் அவர் கைது செய்யப்படவும் இல்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை ஏந்தி வடக்கிலும் கிழக்கிலும் ஆண்டுக்கணக்கில் வீதியோரத்தில் அமர்ந்திருக்கும் தாய்மாருக்கு, சட்டத்தில் ஒரு வாசல் இருக்கிறது, ஆனால் அதை யாரும் தட்ட முன்வரவில்லை என்று சொல்வதைத் தவிர இப்போதைக்கு நேர்மையான பதில் இல்லை.

தலைவர்களைக் குற்றவாளியாக்கினால் சமாதானப் பேச்சு கெட்டுப்போகாதா?

இந்த ஆட்சேபத்தை நான் மிகவும் மதிக்கிறேன். உகாண்டாவின் கிளர்ச்சிப் படைத் தலைவர் ஜோசப் கோனி, தன் மீதான பிடியாணை நிற்கும்வரை கையெழுத்திட மாட்டேன் என்று 2008 இல் சமாதான உடன்படிக்கையை விட்டு விலகிப்போனார். அதற்குப் பிறகும் கிராமங்கள் எரிந்தன. மறுபக்கம் லைபீரியா இருக்கிறது. 2003 ஜூன் 4 அன்று கானாவின் தலைநகரில் சமாதானப் பேச்சு தொடங்கும் நாளில், லைபீரிய அதிபர் சார்ல்ஸ் டெய்லர் மீதான குற்றப்பத்திரிகையைச் சியரா லியோன் சிறப்பு நீதிமன்றம் வெளியிட்டது. கானா அவரைப் பிடிக்காமல் திருப்பி அனுப்பியது. பேச்சு முறிந்துவிடும் என்று எல்லோரும் பயந்தார்கள். நடந்தது வேறு. ஆகஸ்டில் அவர் பதவி விலகி நைஜீரியா போனார், ஒரு வாரத்தில் உடன்படிக்கை கையெழுத்தானது. 2012 இல் அவருக்கு 50 ஆண்டுச் சிறை.

எனவே பிடியாணை எப்போதும் சமாதானத்தைக் கெடுக்கும் என்றும் சொல்ல முடியாது, எப்போதும் உதவும் என்றும் சொல்ல முடியாது. விசாரணையை 12 மாதம் நிறுத்திவைக்கப் பாதுகாப்பு கவுன்சிலுக்கு அதிகாரம் தரும் 16 ஆம் பிரிவு இதற்காகத்தான் சாசனத்தில் இருக்கிறது. உக்ரைன் மீதான ஆக்கிரமிப்பை விசாரிக்க 2025 ஜூனில் ஐரோப்பிய கவுன்சிலும் உக்ரைனும் ஒப்புக்கொண்ட சிறப்புத் தீர்ப்பாயமும் ஒரு நடுவழியைப் பிடித்திருக்கிறது: அதிபர், பிரதமர், வெளியுறவு அமைச்சர் ஆகியோர் மீது குற்றப்பத்திரிகை தயாரிக்கலாம், ஆனால் பதவியில் இருக்கும்வரை அது நிறுத்திவைக்கப்படும். ஆக்கிரமிப்புப் போரை முடிவு செய்பவர்களே அந்த மூவர்தான் என்பதால் இந்த ஏற்பாடு எனக்குத் திருப்தி தரவில்லை. ஆனாலும் கோப்பு திறந்திருக்கும். சாட்சிகள் உயிரோடு இருக்கும்போதே வாக்குமூலம் பதிவாகும்.

பிடியாணைக்குக் காலாவதி உண்டா?

இல்லை. இந்தக் குற்றங்களுக்குக் கால வரம்பு கிடையாது என்று ரோம் சாசனத்தின் 29 ஆம் பிரிவு சொல்கிறது. நீதிமன்றமே நீக்கும்வரை, அல்லது ஆள் இறந்துபோனது உறுதியாகும்வரை ஆணை நிற்கும். ஆள் இல்லாமல் விசாரணை நடத்தித் தீர்ப்பளிக்க இந்த நீதிமன்றத்தால் முடியாது என்பதால் காத்திருப்பது தவிர வழியில்லை. டார்ஃபூரில் ஜன்ஜவீத் ஆயுதக் குழுவின் தலைவராக இருந்த அலி குஷைப் மீது 2007 இல் ஆணை பிறந்தது. சூடான் ஒப்படைக்கவே மாட்டோம் என்றது. 13 ஆண்டு கழித்து, 2020 இல், அண்டை நாடான மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் அவரே சரணடைந்தார். 2025 அக்டோபர் 6 அன்று 27 குற்றச்சாட்டுகளில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. அதே டார்ஃபூர் விவகாரத்தில் பஷீரின் பெயரும் இருக்கிறது. 2019 ஏப்ரலில் ஆட்சியிலிருந்து இறக்கப்பட்ட அவர் இன்னும் ஹேக் நகருக்கு ஒப்படைக்கப்படவில்லை, அவர் மீதான இரண்டு ஆணைகளும் நடைமுறையில் இருக்கின்றன.